இறுகிய லாச்சியைத் திறப்பது எப்படி?

(மாவடிப்பள்ளியில் இரும்புப் பட்டறை நடத்தும் அன்பர் ஒருவர், தோட்டக் குடும்பங்கள் கூடியிருந்த தொழிற்பயிற்சி நாளில் ஆற்றிய உரை. அவர் பேசிய நடையைப் பெரும்பாலும் மாற்றாமல் தருகிறோம்.)





நான் மாவடிப்பள்ளிக்காரன். கல்முனையிலிருந்து தெற்கே வந்து, காரைதீவுச் சந்தியில் அம்பாறை ரோட்டுக்குத் திரும்பினால், சம்மாந்துறைக்கு முன்னால் வாற ஊர். சுற்றிவர வயல். உங்களுக்குத் தேயிலை மாதிரி எங்களுக்கு நெல்லு. எங்கட பட்டறைக்கு உழவு மெஷின் வரும், சூடடிக்கிற மெஷின் வரும், கடற்கரைப் பக்கமிருந்து தோணி எஞ்சின் வரும். அதோட, எவ்வளவு இழுத்தும் திறபடாத இரும்புப் பெட்டிகளும் வரும். இன்றைக்கு அந்தப் பெட்டிகளைப் பற்றித்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் ஒரு சொல்லை விளங்கப்படுத்தி விடுகிறேன். மேசையிலும் பெட்டியிலும் இழுத்துத் திறக்கிற தட்டை நாங்கள் ‘லாச்சி’ என்போம். அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அலுமாரி போர்த்துக்கீசர் தந்தது, ஸ்பனர் இங்கிலீசுக்காரன் தந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு சொல்லை நம்மட வீட்டில வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். துருவுக்கு எங்கட பக்கம் ‘கறள்’ என்று பேர். நான் கறள் என்று சொன்னால் நீங்க துரு என்று எடுத்துக்கொள்ளுங்க.

சரி, இதைத் தோட்டத்தில வந்து பேச என்ன தேவை? உங்கட ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ஃபிட்டர் வேலை செய்கிற மூலையைப் போய்ப் பாருங்க. பழைய காலத்து இரும்புக் கருவிப் பெட்டி ஒன்று பல தோட்டங்களில் இன்னும் நிற்கும். நாலு லாச்சியோ ஏழு லாச்சியோ இருக்கும். அதில் இரண்டு திறக்கும், மற்றது திறக்காது. ‘அது எப்பவும் அப்படித்தான்’ என்று சொல்லுவார்கள். அதன் மேல் எண்ணெய் டின்னும் தேத்தண்ணிக் கோப்பையும் வைத்து மேசையாக்கி இருப்பார்கள்.

அந்தத் திறக்காத லாச்சிக்குள்ளே என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்க. இலங்கைத் தேயிலைக்கு வந்த பழைய இயந்திரங்கள் இங்கிலீசுக்காரருடையவை. பெல்ஃபாஸ்ட் நகரத்து டேவிட்சன் கம்பனியின் ‘சிரோக்கோ’ டிரையர், கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் கம்பனியின் ரோலர் என்று உங்கட பெரியவர்கள் பேர் சொல்லுவார்கள். அந்தக் கால இங்கிலீசு மெஷினில் பூட்டியிருக்கிற போல்ட் பெரும்பாலும் ‘விட்வேர்த்’ அளவு. ஜோசப் விட்வேர்த் என்கிறவர் 1841 இல் வகுத்த புரி அது. இன்றைக்குக் கடையில் விற்கிற மில்லிமீற்றர் ஸ்பனர் அதுக்குச் சரியாகப் பொருந்தாது. விட்வேர்த் ஸ்பனரில் 1/2 என்று எழுதியிருந்தால் ஸ்பனர் வாய் அரை அங்குலம் என்று அர்த்தமில்லை. போல்ட்டின் தண்டு அரை அங்குலம். வாயை அளந்தால் 23 மில்லிமீற்றருக்கும் கொஞ்சம் மேல வரும். 23 சாவி போகாது, 24 சாவி ஆடும். ஆடுகிற சாவியைப் போட்டு முறுக்கினால் போல்ட்டின் தலை உருண்டையாகிவிடும், சாவி வழுக்கினால் விரல் முட்டி உடையும். சரியான சாவி அந்தப் பூட்டின லாச்சிக்குள்ளே ஒருவேளை சும்மா கிடக்கும். அதோட புரி வெட்டுகிற டாப், டை, பழைய அளவுகோல் எல்லாம் சேர்ந்து கிடக்கும்.

தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. இத்தனை கை மாறும்போது திறப்பு எங்கேயோ போயிருக்கும், பெட்டி மட்டும் மிஞ்சியிருக்கும். பிறகு ஒருநாள் யாராவது அவசரக்காரர் அலவாங்கைப் போட்டு நெம்புவார். முன்தகடு கிழியும். ‘இனி இது உதவாது’ என்று பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுப்பார்கள். உள்ளே கிடந்த சாவியும் அதே தராசில் போகும். ஃபிட்டராக வரப் பார்க்கிற ஒரு பிள்ளைக்கு அந்தப் பெட்டி ஒரு தொழிலுக்கான முதல். அதனால்தான் இவ்வளவு நேரம் எடுத்துச் சொல்லுகிறேன்.

இனி விசயத்துக்கு வாறேன். லாச்சி திறக்கவில்லை என்றால் எங்கட ஆக்கள் முதலில் செய்கிற வேலை, கைப்பிடியைப் பிடித்துக் காலால் பெட்டியை உதைத்து இழுக்கிறது. கைப்பிடியை மெல்லிய தகட்டில் இரண்டு புள்ளி வெல்டிங்கோ இரண்டு ரிவெட்டோதான் பிடித்திருக்கும். அது கையோடு வரும். லாச்சி உள்ளேயே இருக்கும்.

இழுக்கிறதுக்கு முன்னால் காது கொடுத்துக் கேளுங்க. மெதுவாக இழுத்துப் பாருங்க. ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் வந்து ‘டக்’ என்று இரும்பில் இரும்பு இடிக்கிற சத்தத்தோட நின்றால், உள்ளே ஏதோ சாமான் எழும்பி நிற்கிறது. ஒரு மயிரளவும் அசையவில்லை என்றால் பூட்டு, அல்லது கறள். ஒரு பக்கம் வந்து மற்றப் பக்கம் வரவில்லை என்றால் ஓடுகிற தண்டவாளம் வளைந்திருக்கிறது. இழுக்கும்போது ரப்பர் மாதிரி கொஞ்சம் வந்து திரும்ப உள்ளே போனால் பழைய கிரீஸ் பிசினாகிவிட்டது. பட்டறையில் பத்துப் பெட்டி வந்தால் ஆறு ஏழு பெட்டிக்கு இந்தச் சத்தமே வழி சொல்லிவிடும்.

பூட்டைப் பற்றி ஆட்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பல பெட்டிகளில் ஒவ்வொரு லாச்சிக்கும் தனிப் பூட்டு கிடையாது. பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு கம்பி ஓடும். மேல் மூடியைச் சாத்தினால் மூடி அந்தக் கம்பியைக் கீழே அமத்தும். கம்பியில் இருக்கிற கொக்கிகள் எல்லா லாச்சியையும் ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளும். மூடியைத் திறந்தால் ஒரு ஸ்பிரிங் கம்பியை மேலே தூக்கிவிடும். நாற்பது வருசம் கறள் பிடித்தால் ஸ்பிரிங்குக்குத் தூக்கப் பலம் இருக்காது. மூடி திறந்திருக்கும், கம்பி மட்டும் கீழேயே நிற்கும். ஆகவே மூடியை முழுக்கத் திறந்து, பின்பக்கச் சுவரோரம் கம்பியின் தலையைத் தேடுங்க. மண்ணெண்ணெய் நாலு சொட்டு விட்டு, குறட்டால் பிடித்து மெதுவாக மேலே தூக்குங்க. ‘கடக்’ என்று ஒரு சத்தம் வரும். சில நேரம் அதோட எல்லா லாச்சியும் ஓடி வரும். அமெரிக்காவின் கென்னடி கம்பனிப் பெட்டி மாதிரியானவற்றில் லாச்சிகளுக்கு முன்னால் ஒரு மறைப்புத் தகடு இருக்கும். அதை மேலே எடுத்தால்தான் லாச்சி வெளியே வரும்.

உள்ளே சாமான் எழும்பி நிற்கிறது என்றால், லாச்சியை முழுக்க உள்ளே தள்ளுங்க. இரண்டு பேர் சேர்ந்து பெட்டியைப் பின்பக்கமாகக் கொஞ்சம் சரித்து, தட்டி ஆட்டுங்க. முன்பக்கமாகச் சரிக்க வேண்டாம், முன்னால் சரித்தால் சாமான் இன்னும் முன்னுக்கு வந்து அடைக்கும். பிறகும் வரவில்லையா? ஒரு பழைய வாள் பிளேட்டையோ மெல்லிய இரும்பு அடிமட்டத்தையோ முன்தகட்டின் மேல் இடுக்கால் விட்டு, இடமும் வலமுமாகத் தடவுங்க. பெரும்பாலும் ஒரு சுத்தியல் தலையோ அரத்தின் பிடியோ நிமிர்ந்து நிற்கும். அதைக் கீழே அமத்திக்கொண்டே மற்றவர் இழுக்க வேண்டும். மேல் லாச்சியைக் கழற்ற முடியுமென்றால் இன்னும் நல்லது. இடையில் தகடு இல்லாத பெட்டியில் மேலிருந்து கையே போகும்.

இனிக் கறள். இதைப் பற்றி எங்கட ஊர்ப்பக்கத்து ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, காரைதீவு எல்லாம் அடிபட்டது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் மௌத்தானார்கள். அந்தத் துக்கத்துக்குள்ளே யார் இரும்புப் பெட்டியைப் பார்த்தது! பல மாசத்துக்குப் பிறகுதான் மிஞ்சினவர்கள் மிஞ்சின சாமானைத் தூக்கிக்கொண்டு பட்டறைகளுக்கு வந்தார்கள். கடற்தொழிலாளியின் எஞ்சின் சாமான் பெட்டி, தச்சரின் பெட்டி, காணி உறுதி வைத்த இரும்பு அலுமாரி. நல்ல தண்ணியால் உடனே கழுவிக் காயவைத்த பெட்டிகள் தப்பின. கழுவாதவை உள்ளே இருந்து தின்னப்பட்டன. காரணம் இதுதான்: உப்புத்தண்ணி காய்ந்தாலும் உப்பு போகாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போனால் உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணியை இழுத்துக் கரையும். எங்கட கரையில் அந்த ஈரம் சாதாரணம். ஆகவே இரும்பு காய்கிறதே இல்லை.

உங்களுக்குக் கடல் தூரம். ஆனால் மூடுபனி இருக்கிறது. பகலில் ஸ்டோருக்குள் சூடு, இராவில் குளிர். குளிர்ந்த தகட்டில் வேர்வை மாதிரித் தண்ணி படியும். அதோட தேயிலைத் தூசு தண்டவாளத்துக்குள் படிந்து, பஞ்சு போல அந்த ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கறளாகிற இரும்பு தான் இருந்த இடத்தைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். லாச்சிக்கும் தண்டவாளத்துக்கும் இடையே இருக்கிற இடுக்கோ ஒரு தபால் அட்டையின் தடிப்புத்தான். அது அடைபடக் கனகாலம் வேண்டாம்.

மருந்து என்ன? மண்ணெண்ணெய் போதும். அதில் கொஞ்சம் எஞ்சின் ஒயில் கலந்தால் சீக்கிரம் ஆவியாகாது. ஒட்டோ கியர் ஒயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள். இறுகின இடுக்குக்குள் அது நன்றாக இறங்கும், ஆனால் பெற்றோல் மாதிரித் தீப்பிடிக்கும். லயக் காம்பராவில் அடுப்புக்குப் பக்கத்தில் அதைத் திறக்கவே வேண்டாம். டின்னில் வருகிற டபிள்யூ டி 40 ஐப் பற்றிக் கேட்பீர்கள். 1953 இல் அமெரிக்காவில் ரொக்கட்டின் தகடு கறள் பிடிக்காமல் இருக்கச் செய்த மருந்து அது. பேரின் அர்த்தமே தண்ணியை விலக்குகிறது, நாற்பதாவது முயற்சி என்பதுதான். நல்ல சாமான், ஆனால் விலை. மண்ணெண்ணெய்க்கும் அதுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு இராத்திரிப் பொறுமை ஈடுசெய்யும்.

ஒரு வாளி ஊற்ற வேண்டாம். பழைய ஊசிமருந்துக் குழாயில் எடுத்து, இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் பத்துப் பத்துச் சொட்டு. பெட்டியைக் கொஞ்சம் பின்னுக்குச் சரித்து வைத்தால் எண்ணெய் உள்ளே போகும். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு, பெட்டியின் பக்கத் தகட்டில் ஒரு பலகைத் துண்டை வைத்து, மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்க. பலமாக அடிக்கத் தேவையில்லை, அதிர்வுதான் வேலை செய்யும். திரும்பவும் சொட்டு விடுங்க. அப்படியே விடிய விடுங்க.

காலையில் இழுக்காதீங்க! முதலில் உள்ளே தள்ளுங்க. ஒரு நூலளவு உள்ளே போனால் கறளின் பிடி உடைந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு வெளியே ஒரு நூல், உள்ளே ஒரு நூல், திரும்ப வெளியே இரண்டு நூல். முன்தகட்டின் இரண்டு கரையிலும் கை வைத்துச் சமமாக இழுக்க வேண்டும். ஒரு கரையை மட்டும் இழுத்தால் லாச்சி கோணிக்கொள்ளும். கோணின லாச்சியை யானை கட்டி இழுத்தாலும் வராது.

இதுக்கும் மசியாவிட்டால் பெட்டியின் முதுகைப் பாருங்க. பல பெட்டிகளில் பின்தகடு ஸ்குரூவில் நிற்கும். கழற்றிவிட்டு, பின்னாலிருந்து ஒரு பலகைத் துண்டு வைத்து லாச்சியைத் தள்ளலாம். முன்பக்கம் காயமில்லாமல் வரும். பின்தகட்டை ரிவெட் அடித்திருந்தால் ரிவெட் தலையைத் துளைத்து எடுக்கலாம், பிறகு புது ரிவெட் அடிக்கலாம். முன்தகடு கிழிந்தால் திரும்ப ஒட்டினாலும் முன்னைப்போல் வராது.

பாதி வந்து நின்றுவிட்ட லாச்சிக்கு வேறு காரணம் இருக்கலாம். விழாமல் இருக்க ஒரு தடுப்பு வைத்திருப்பார்கள். முன்பக்கத்தைக் கொஞ்சம் மேலே தூக்கினால் சிலது தாண்டும். உருளைக் குண்டு வைத்த புதுப் பெட்டியென்றால் இரண்டு பக்கமும் சின்ன நெம்பு இருக்கும். ஒரு பக்கம் மேலே தூக்கவும் மற்றப் பக்கம் கீழே அமத்தவும் வேண்டி வரும்.

ஆபத்தைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. இறுகின பெட்டியை டோர்ச் வைத்துச் சூடாக்காதீங்க. உள்ளே என்ன டின் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பழைய காலத்துக் கார்பைட் விளக்குக்குப் போடுகிற கல் ஒரு டின்னில் கிடந்தால், தண்ணி பட்டவுடன் அசெட்டிலீன் வாயு கிளம்பும். ஒரு பொறி போதும். பொயிலர் வேலை பார்த்த ஃபிட்டரின் லாச்சியில் வெள்ளையாக, நார் நாராகப் பழைய பெக்கிங் கிடந்தால் அது அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். ஊதாமல், தட்டாமல், ஈரத்துணியால் மூடி எடுத்து நிர்வாகத்திடம் கொடுங்க. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், காய்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூசு பிள்ளைகளின் வாய்க்குள் போகும். எங்கட கிழக்கில் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. யுத்தம் நடந்த இடத்தில் மண்ணுக்குள்ளே, பாழடைந்த கட்டடத்துக்குள்ளே இரும்புப் பெட்டி கண்டால் கிட்டப் போகவே கூடாது. 119 க்கு அடித்துப் பொலிஸுக்குச் சொல்லுங்க.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். எல்லா லாச்சியையும் ஒரேயடியாக வெளியே இழுத்தால் பாரம் முன்னுக்கு வரும், பெட்டி முகம் குப்புற விழும். அமெரிக்காவில் 2016 இல் ஐக்கியா கம்பனி 2 கோடி 90 இலட்சம் லாச்சி அலுமாரிகளைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. சின்னப் பிள்ளைகளின் மேல் சரிந்து உயிர் போனதுதான் காரணம். அதெல்லாம் மரச் சாமான். இரும்பின் பாரத்தை நீங்களே யோசியுங்க. ஒரு நேரத்தில் ஒரு லாச்சி. பெட்டியைச் சுவரோடு ஒரு பட்டியால் பிணைத்துவிடுங்க.

இனித் தாய்மாருக்கு. உங்கட வீட்டில் கருவிப் பெட்டி இருக்காது, ஆனால் இரும்பு அலுமாரியின் லாச்சியோ ட்ரங்குப் பெட்டியோ இருக்கும். அதுக்குள்ளேதான் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஈ.பீ.எஃப் கடிதம், தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் எல்லாம். அந்தப் பத்திரங்களுக்காக உங்கட குடும்பங்கள் எத்தனை கந்தோர் ஏறி இறங்கியிருக்கும் என்று எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. பத்திரம் இருக்கிற லாச்சிக்கு மண்ணெண்ணெயோ வேறு எண்ணெயோ விடவே வேண்டாம். கடுதாசி குடித்துவிடும், எழுத்தும் சீலும் பரவும். பென்சில் கரியைப் பொடியாக்கி இடுக்கில் ஊதுங்க, மெழுகுதிரியைத் தேயுங்க, மரக்கட்டையால் தட்டுங்க. பின்தகட்டைக் கழற்றுகிறது இதுக்கு இன்னும் நல்ல வழி. வெள்ளத்தில் நனைந்த பெட்டியென்றால், திறந்த உடனே ஒட்டின கடுதாசிகளைப் பிரிக்காதீங்க. நிழலில், காற்றில், கட்டாகவே வைத்து, தானாக விடுகிறபோது ஒவ்வொன்றாக எடுங்க. 2024 நவம்பரில் எங்கட ரோட்டை வெள்ளம் மூடினபோதும் இதே வேலைதான். வெயிலில் போட்ட கடுதாசி அப்பளம் மாதிரிச் சுருண்டுபோகும்.

லாச்சி வெளியே வந்த பிறகு தண்டவாளத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துடைத்து, மெழுகு பூசுங்க. தேங்காய் எண்ணெய் பூசாதீங்க, அது தூசோட சேர்ந்து கொஞ்ச நாளில் பிசுபிசுத்துப்போகும். மிஞ்சின கறளுக்குத் தேயிலையிலேயே ஒரு விசயம் இருக்கிறது. கொழுந்து எடுக்கிற உங்கட கையும் கத்தியும் கறுக்கிறது அல்லவா? தேயிலையில் இருக்கிற துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. கறளை நிறுத்துகிற டானிக் அமில மருந்தும் அந்த வகைத் துவர்ப்புத்தான். கறளைக் கருநீலமாக மாற்றி ஒரு படையாக இறுக்கிவிடும். வெறும் சாயத்தண்ணி அவ்வளவு பலம் காணாது, கடை மருந்து வாங்கத்தான் வேண்டும்.

ஸ்டோர்ப் பெட்டியென்றால் இன்னொரு முறை இருக்கிறது. டீமேக்கர் ஐயாவிடமோ நிர்வாகத்திடமோ கேட்டுவிட்டுத் திறவுங்க. திறக்கும்போது இரண்டு பேர் பக்கத்தில் நிற்கட்டும். உள்ளே இருந்ததை அங்கேயே எழுதிக் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்க. பிறகு ஒரு சாவி குறைந்தது என்று உங்கட பிள்ளையின் தலையில் பழி விழாது.

இந்த மேசைக்குக் கீழே ஒரு பெட்டி கிடக்கிறது, பார்த்திருப்பீர்கள். நேற்றுப் பின்னேரமே எண்ணெய் விட்டு, தட்டி வைத்திருக்கிறேன். கீழ் இரண்டு லாச்சியும் இன்னும் இறுக்கம். இரண்டு தம்பிமார் முன்னுக்கு வாங்க. ஒராள் இந்தப் பக்கம், ஒராள் அந்தப் பக்கம். கைப்பிடியை விடுங்க தம்பி, கரையில் பிடியுங்க. ம்... முதலில் உள்ளே தள்ளுங்க.